அறுநூறு கிராம்

முதல் பீப் சத்தம் வந்ததும் ஜெர்லின் கோட்டைவிட்டுக் கிளம்பினாள். பாய்ந்து ஓடவில்லை, நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஒரு வேகம், பைய ஓடு பைய ஓடு என்று பயிற்சி தருகிற செண்பகா அக்கா நாலு மாதமாகச் சொல்லிச் சொல்லி அது காலுக்கே மனப்பாடமாகியிருந்தது. இருபது மீட்டர் தள்ளிச் சுண்ணாம்புப் பொடியில் இன்னொரு கோடு. அடுத்த பீப்புக்குள் அதை மிதிக்க வேண்டும், மிதித்துவிட்டு மறுபடி இந்தக் கோட்டுக்கு, மறுபடி அங்கே, நிமிஷத்துக்கு ஒருமுறை அந்த ஒலிபெருக்கி கொஞ்சம் கொஞ்சமாக அவசரப்படும், அடுத்தடுத்து இரண்டு தடவை பிந்தினால் நிறுத்திவிட்டு எத்தனை கோடு என்று எழுதிக்கொள்வார்கள். எல்லோரும் ஓரிடத்தில் பிந்தத்தான் வேண்டும், மாவட்டத்தில் முதலாக வந்தவளும்கூட, எந்த இடத்தில் என்பது மட்டும்தான் கேள்வி, அது ஜெர்லினுக்குப் பிடித்திருந்தது, தோற்காதவர்கள் யாருமே இல்லாத ஒரு விளையாட்டு. ஒன்று. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த அந்த மைதானத்தில் துறைமுகப் பக்கத்துக் காற்று உப்பாக வீசியது, காலை எட்டு மணி வெயில் போகும்போது இடது கன்னத்தில், திரும்பும்போது வலது கன்னத்தில். இரண்டு. வாதமரத்து நிழலில் சிமெண்டு பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள், மடியில் பை, பையின் மேல் இரண்டு கைகளும், பஸ்ஸில் வந்த அதே தோரணை. அம்மாவைப் பார்க்கக் கூடாது. மூன்று. பார்த்தால் அந்தச் சொல் வந்துவிடும். பார்க்காமலேயே வந்துவிட்டது, காலடிக்கு ஒரு துண்டாக, அறு நூறு கிராம், அறு நூறு கிராம்.

அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் எடை பார்த்தார்கள். நாலு மாதத்துக்கு முன்னால் எழுபத்திரண்டு கிலோ, இன்றைக்கு எழுபத்தொன்று புள்ளி நாலு. செண்பகா அக்கா எண்ணைச் சாதாரணமாகப் படித்தாள். அம்மா எட்டிப் பார்த்தாள், மெஷின் சரியாக நிற்கவில்லையோ என்று காலால் அதை லேசாக நகர்த்தினாள், "ஏட்டி, இறங்கி ஏறு" என்றாள். இறங்கி ஏறியபோதும் எழுபத்தொன்று புள்ளி நாலு. "நாலு மாசம்," என்றாள் அம்மா, யாரைப் பார்த்தும் இல்லை, "வாரத்துக்கு மூணு நாளு, ரெண்டு பஸ்சு மாறி. தைக்க வந்த துணியெல்லாம் அப்படியே மெஷின் மேல கெடக்கு. அறுநூறு கிராமா? ஒருநா சாப்பிடாம இருந்தாலே அது போயிரும்லா." அக்கா சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "ரத்த ரிப்போர்ட்டும் இன்னைக்கு வந்துரும்க்கா, டாக்டர் மேடம் சொல்லுவாங்க" என்றாள். "என்ன சொல்லப் போறாவ," என்றாள் அம்மா, "இன்னையோட போதும். ஒம்பதாங்கிளாசு வருது. டியூசன்ல சேத்துவிடுதேன்." நாலு. ஐந்து. ஜெர்லின் மெஷினிலிருந்து இறங்கி ஷூவை மாட்டினாள். ஆனால் அவளுக்குத் தெரியும், எடை மெஷினுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும், அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு மூன்றாவது மாடியில் இருக்கிறது, ஆனி மாதத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஷூ லேசைக் கட்டுவதுபோலக் குனிந்து நின்று மூச்சு வாங்குவாள், லேஸ் அவிழ்ந்தே இருக்காது, இப்போது ஐப்பசியில் ஒருநாள் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்கேயும் நிற்கவில்லையே என்று திடுக்கிட்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சமூகவியல் வகுப்பில் கண்ணை யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பதுபோல ஒரு தூக்கம் வரும், நெற்றி டெஸ்க்கில் முட்டும், அது எங்கே போனது. ஆறு. இதையெல்லாம் எந்த மெஷினில் ஏறி நின்று காட்டுவது. ஏழு. ஒலிபெருக்கி "இரண்டாம் நிலை" என்றது.

வேகம் கூடியது தெரியவே இல்லை. கழுத்தில் வியர்வை இறங்கியது, கழுத்தில் இறங்கும்போது மட்டும் அவளுக்கு எப்போதும் ஒரு கூச்சம். கழுத்தைச் சுற்றி ஒரு கருப்பு, பின்பக்கம் வெல்வெட்டுத் துணி மாதிரித் தடிப்பாக, பத்து வயதில் வந்தது. அம்மா அதை அழுக்கு என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், பிள்ளைய நல்லா தேச்சுக் குளிப்பாட்டும்மா என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அம்மாவின் கை இன்னும் பலமாக இருக்கும், பயத்தமாவு, எலுமிச்சைத் தோல், பீர்க்கங்கூடு, எரியுதும்மா எரியுதும்மா, எரிஞ்சாத்தான்ட்டி போவும். எட்டு. மூன்று வருஷம். முதல் நாள் டாக்டர் ஹமீதா மேடம் காலரை விலக்கிப் பார்த்துவிட்டு, "இது அழுக்கு இல்லம்மா. உள்ள இன்சுலின் தேவைக்கு மேல சுரந்துக்கிட்டு இருக்குங்கிறதோட அடையாளம். தேய்க்காதீங்க, தேய்ச்சா போகாது. ஓடினா போகும், பைய பைய" என்றார். அம்மா அந்தக் காலரைச் சரிசெய்துவிட்டாள். மறுநாள் காலையில் குளிக்கப் போனபோது பீர்க்கங்கூடு தொங்குகிற இடத்தில் ஒன்றும் இல்லை, ஆணியும் இல்லை, சுவரில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் இருந்தது. ஒன்பது.

ஒன்பது. இங்கேதான். நாலு மாதத்துக்கு முன்னால் முதல் தடவை ஓடியபோது இந்தக் கோட்டில்தான் நின்றாள், நின்றாள் என்று கூடச் சொல்ல முடியாது, கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள், கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள் பறந்தன, வாந்தி வந்தது, அந்த நேரத்திலும் பாவாடை முட்டிக்கு மேல் ஏறியிருக்கிறதா என்றுதான் பார்த்தாள். ஒன்பதாம் கோடு என்று அக்கா எழுதியது காதில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் ஓடவே விட்டதில்லை. விளையாட்டுப் பீரியடு வந்தால் பி.டி. டீச்சர் அன்பாகத்தான் சொல்வார், ஜெர்லின் நீ உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கோடா, எல்லாரும் கைக்கடிகாரத்தையும் வளையலையும் கழற்றி அவள் மடியில் போட்டுவிட்டு ஓடுவார்கள், அவள் ஒரு நகைக்கடை மாதிரி உட்கார்ந்திருப்பாள், பதினாறு கடிகாரங்களும் பதினாறு விதமாக நேரம் காட்டும். அவளைக் கேலி செய்தவர்களைவிட அந்த அன்புதான் அவளை உட்கார வைத்தது. பத்து. பத்து! கோட்டைத் தாண்டிவிட்டாள், யாரும் கைதட்டவில்லை, யாருக்கும் தெரியாது இது பத்து என்று, நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குபீரென்று எழுந்தது, சிரித்துவிடக் கூடாது, சிரித்தால் மூச்சு போய்விடும். பதினொன்று. மூக்கால் இழு, வாயால் விடு. பன்னிரண்டு.

தொடை இரண்டும் உரசவில்லை. முதல் வாரத்தில் உரசி உரசித் தோல் வழன்று, வீட்டுக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் வைத்தபோது உயிர் போனது, அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டுக் காலை அகட்டி அகட்டி நடந்தாள். அம்மா கேட்கவில்லை. மூன்றாம் நாள் கட்டிலில் ஓர் அரைக்கால் சட்டை மடித்து வைத்திருந்தது, முட்டி வரைக்கும் நீளம், உள்பக்கத் தையல் வெளியே திருப்பிப் போட்டு, உரசுகிற இடத்தில் வழுவழுப்பான துணி கொடுத்து, எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்று. அதைத்தான் இப்போதும் போட்டிருக்கிறாள். இப்படித் தைக்கத் தெரிந்தவளுக்கு அறுநூறு கிராம்தான் கண்ணில் படுமா. பதிமூன்று. அப்பாவுக்கு என்றால் வேறு மாதிரி. அப்பா பேக்கரி மாஸ்டர், அவர் போடும் மக்ரூனுக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள், உடைந்ததையெல்லாம் ஒரு காகிதப் பையில் கட்டிச் சாயங்காலம் கொண்டுவருவார், வாசலில் நின்று பையை ஆட்டுவார், முந்திரியும் முட்டையும் சீனியும் சேர்ந்த அந்த வாசனை அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வரும், அவருக்கு மகளிடம் பேசத் தெரிந்த ஒரே பேச்சு அது. இப்போது வெறும் கையோடு வருகிறார். வந்து வாசலில் நின்று அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் வைக்கிறார், கதவில் வைக்கிறார், போன வாரம் ஒரு டென்னிஸ் பந்தை வாங்கி வந்து, "இது... சும்மா... எறிஞ்சு பிடிக்கலாம்லா" என்றார். பதினாலு. எறிந்து பிடித்தார்கள். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. பதினைந்து. "மூன்றாம் நிலை."

இப்போது தெரிந்தது. கோட்டில் நிற்க நேரமில்லை, மிதித்ததும் திரும்பல், பதினாறு, விலாவில் ஊசி குத்துவதுபோல ஒரு பிடிப்பு, ஊசி என்றதும் அந்த நினைப்பு எங்கிருந்தோ நுழைந்தது, நுழைய விடக் கூடாது என்று இரண்டு நிமிஷமாகக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஞானசீலி அத்தை. அப்பாவின் அக்கா. எப்போது பார்த்தாலும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிற, சிரிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் முதுகில் அடிக்கிற அத்தை. ஜெர்லின் பிறந்த அன்றைக்கே சொன்னார்களாம், அத்தையை உரிச்சு வச்சிருக்கு. மூன்று வயதில் சொன்னார்கள், பூசைக்குப் போனால் சொன்னார்கள், கல்யாண வீட்டில் சொன்னார்கள், அத்தையை உரிச்சு வச்சிருக்கு, அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அத்தை மாதிரிச் சிரித்துக்கூடப் பார்த்தாள். பதினேழு. சர்க்கரை வியாதியில் முதலில் காலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே. அத்தைக்கு நாற்பத்தொரு வயது, கடைசியாகப் பார்த்தபோதும் சிரித்தாள், ஆனால் முதுகில் அடிக்கவில்லை, கை கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அடக்கத்துக்கு வந்தவர்களில் யாரோ ஜெர்லினின் தாடையைத் தொட்டு, அத்தையை உரிச்சு வச்சிருக்கு என்று அழுதார்கள். பதினெட்டு. உரிச்சு வச்சிருக்கு, உரிச்சு வச்சிருக்கு, கால் அந்தத் தாளத்துக்கு மாறிவிட்டது, மாற்ற முடியவில்லை, அப்பாவும் தினமும் வயிற்றில் ஊசி போடுகிறார், அத்தை, அப்பா, அடுத்தது, உரிச்சு வச்சிருக்கு, பத்தொன்பது, பீப், இன்னும் இரண்டு எட்டு இருந்தது, பிந்திவிட்டாள். "ஒண்ணு!" என்று அக்கா கத்தினாள், "ஜெர்லின், ஒண்ணு பிந்தியாச்சு! அடுத்ததப் பிடி!" இன்னொன்று பிந்தினால் முடிந்தது. நின்றுவிட்டால்தான் என்ன. ஒன்பதுக்குப் பத்தொன்பது, இரண்டு மடங்குக்கு மேல், போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கால் மட்டும் நிற்கவில்லை. அது பாட்டுக்குத் திரும்பியது, அது பாட்டுக்கு எட்டு வைத்தது, நாலு மாதம் திங்களும் புதனும் சனியும் அதற்கு யாரோ சொல்லிக்கொடுத்த வேலையை அது செய்தது, அவள் அதன் பின்னாலேயே போனாள். அத்தையை யாராவது இந்தக் கோட்டில் நிறுத்தியிருக்கிறார்களா? பதிமூன்று வயதில் அத்தையின் மடியிலும் கடிகாரங்கள்தான் கிடந்திருக்கும். முகம் அத்தையுடையது, சரி, சிரிப்பும் வேண்டுமானால் அத்தையுடையது, இந்தக் கால் என்னுடையது. இருபது. பீப்புக்கு முன்னால்.

இருபத்தொன்று. இருபத்திரண்டு. தொண்டையில் இரும்பு ருசி. காது இரண்டிலும் இதயம் அடித்தது, அது பயமுறுத்துகிற அடி இல்லை, பக்கத்து வீட்டில் கல்யாணத்துக்கு மேளம் அடிக்கிற மாதிரி, கொஞ்சம் சத்தம் கூடுதல், அவ்வளவுதான். இருபத்துமூன்று. "நாலாம் நிலை." செண்பகா அக்கா கோட்டுக்கு வெளியே கூடவே ஓடிவந்தாள், "விடாத, விடாத, விடாத" என்று ஒரே சொல்லை உடைத்து உடைத்துச் சொன்னாள். வாதமரம், வெயில், அம்மாவின் நீலச் சேலை, வெயில், வாதமரம். இருபத்துநாலு. சிந்தனை ஒன்றும் இல்லை, முதல் தடவையாக மண்டைக்குள் யாரும் பேசவில்லை. இருபத்தைந்து. கால் இரண்டும் ஈரமணல் மூட்டையாகின, கையை வீசினாள், கை இழுத்துக்கொண்டு போனது. இருபத்தாறு. அடுத்ததில் பிந்தினாள், அதற்கு அடுத்ததில் பாதி வழியிலேயே பீப் கேட்டுவிட்டது, நின்றாள். உட்காரவில்லை. முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து நின்றாள், வியர்வை மூக்கு நுனியிலிருந்து சுண்ணாம்பில் சொட்டியது, மூக்கால் இழு, வாயால் விடு. "இருபத்தாறு!" என்றாள் அக்கா. ஜெர்லின் தலையைத் தூக்கியபோது அம்மா பெஞ்சிலிருந்து எழுந்துகொண்டிருந்தாள். ஒரு கையைப் பெஞ்சிலும் ஒரு கையை மரத்திலும் ஊன்றி, இரண்டு தவணையாக எழுந்தாள், எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள் வாயைத் திறந்து மூச்சு விட்டாள். அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயதுதான். நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற அம்மா. நாலு மாதமாக எல்லாக் கண்ணும் தன் மேலேயே இருந்ததில் தான் அம்மாவைப் பார்க்கவே இல்லை என்று ஜெர்லினுக்கு அப்போது பட்டது.

டாக்டர் ஹமீதா மேடத்தின் அறையில் மின்விசிறி கிரீச்சிட்டது. மேடம் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "எடை பெருசா குறையல," என்றார், "அத நீங்க சொல்லுறதுக்கு முன்னால நானே சொல்லிருதேன்." அம்மா பையை இறுக்கிக்கொண்டாள். "ஆனா இதப் பாருங்க. வெறும் வயித்துல எடுத்த இன்சுலின், அன்னைக்கு இருபத்தெட்டு, இன்னைக்குப் பதினேழு. ஈரல் வீங்கியிருக்கான்னு பாக்குற கணக்கு, அறுபத்து நாலு இருந்துச்சு, முப்பத்தெட்டுக்கு வந்துட்டு. இடுப்புச் சுத்தளவு நாலு சென்டிமீட்டர் குறைவு. கொழுப்பு போன எடத்துல தசை வந்திருக்கு, அதான் மெஷின்ல பெருசா தெரியல. தசை வேலை செஞ்சா ரத்தத்துல உள்ள சர்க்கரைய அது எடுத்துக்கிடும், இன்சுலின் அந்த அளவுக்குச் சுரக்க வேண்டாம். உங்க பொண்ணு உள்ளுக்குள்ள மாறிக்கிட்டு இருக்காம்மா." அம்மா தாளைப் பார்த்தாள். துணியில் தையல் நேராக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். "பதினேழு போதுமா மேடம்?" "போதாது. இன்னும் கூடுதல்தான். ஆனா திசை திரும்பிட்டு." "நிறுத்துனா?" "நிறுத்துனா ரெண்டு மூணு மாசத்துல பழையபடி ஏறிரும். ஒளிக்காமச் சொல்லுதேன்." ஜெர்லின், "நான் நிறுத்த மாட்டேன் மேடம்" என்றாள். அம்மா பக்கம் திரும்பவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை, மூன்றாவது மாடிக்கு ஏறியதுபோலச் சொல்லிவிட்டாள், சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. "டியூசனுக்கும் போவேன். ஓடவும் செய்வேன்."

அம்மா திட்டப்போகிறாள் என்று ஜெர்லின் நினைத்தாள், திட்டினாலும் பரவாயில்லை என்றும் நினைத்தாள். அம்மா தாளை மடித்தாள், மடித்ததைப் பிரித்தாள், "மேடம், இது பெரியவங்களுக்கும் பாப்பாவளா?" என்றாள். மேடம் நிமிர்ந்தார். "யாருக்கு?" "எனக்குத்தான். ராத்திரி நாலு தடவ எந்திக்கேன். தண்ணியா குடிக்கேன், குடிச்சாலும் நாக்கு ஒட்டுது. ஊசியில நூல் கோக்க முடியல, கண்ணு மங்குது." "எத்தன நாளா?" "ஒரு வருசம் இருக்கும்." ஜெர்லின், "ஏம்மா சொல்லல?" என்றாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. "வீட்டுல ஏற்கெனவே ஒரு ஊசி இருக்குலா" என்றாள். இது பிள்ளைகள் பிரிவு, இங்கே பெரியவர்களுக்கு ரத்தம் எடுக்க மாட்டார்கள், பக்கத்துக் கட்டடத்தில் மூன்று மாதத்துச் சராசரிச் சர்க்கரையைப் பார்க்கலாம், அதற்குச் சாப்பிட்டிருந்தாலும் பாதகமில்லை என்று மேடம் சீட்டு எழுதிக்கொடுத்தார். நடந்து போகும்போது ஜெர்லின் இரண்டு எட்டு முன்னால் போய்விட்டு நின்றாள், பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள், அம்மாவின் நடைக்குத் தன் நடையைக் குறைத்தாள். குறைப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

நர்ஸ் ரப்பர் பட்டையைக் கட்டியதும் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நாளெல்லாம் ஊசியோடு இருப்பவளுக்கு ஊசி என்றால் பயம் என்பது ஜெர்லினுக்குப் புதுச் செய்தி. அவள் அம்மாவின் மற்றக் கையைப் பிடித்தாள். "அங்கன பாக்காத. என்னையப் பாரு." "வலிக்குமாட்டி?" "கொஞ்சம். மூக்கால இழு, வாயால விடு." அம்மா இழுத்தாள், விட்டாள். கை இறுகியது, நகம் பதிந்தது. அந்தப் பிடிக்குள் ஜெர்லினின் நாடி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது, வேகமாக, ஆனால் தாளம் தப்பாமல். "என்னட்டி, இந்த அடி அடிக்கி?" என்றாள் அம்மா, கண்ணைத் திறந்து. "ஓடுனேன்லா," என்றாள் ஜெர்லின், "பைய இறங்கும்."